பழைய யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன்களும் மைக்ரோகெர்னலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் என் வீட்டில் சன் நிறுவனத்தின் சில பழைய மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்க்க வரும் பிள்ளைகளும், ஒரு காலத்தில் அந்த மாதிரி மெஷின்களில் வேலை பார்த்த பெரியவர்களும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். முன்பே பதில் சொன்ன விஷயம் வந்தால் கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருக்கிறேன்.

1. அண்ணா, யூனிக்ஸ்னா லினக்ஸ்தானே?

இல்லை. யூனிக்ஸ் மாதிரியே நடந்துகொள்ளும்படி 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் புதிதாக எழுத ஆரம்பித்த கெர்னல்தான் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உட்கரு, விளக்கம் 6ஆம் கேள்வியில்) லினக்ஸ். யூனிக்ஸ் அதைவிட 22 வருஷம் மூத்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பெல் ஆய்வுக்கூடம் 1969இல் மல்டிக்ஸ் என்ற பெரிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அதில் வேலை பார்த்த கென் தாம்ப்சன் அதே வருஷம் அங்கே சும்மா கிடந்த ஒரு பி.டி.பி.-7 மெஷினில், டென்னிஸ் ரிச்சியும் சில சகாக்களும் கூட இருக்க, சின்னதாக ஒரு சிஸ்டத்தை எழுதினார். அதுதான் யூனிக்ஸ்.

1973இல் அதன் கெர்னலை சி மொழியில் திருப்பி எழுதினார்கள். பின்னால் வரப்போகும் கதை முழுவதற்கும் இதுதான் அடிப்படை. அதுவரை ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் பெரும்பாலும் ஒரு மெஷினுக்காகவே அதன் அசெம்பிளியில், அதாவது அந்தச் சிப்பின் கட்டளைகளிலேயே, எழுதப்படுவது. மெஷின் போனால் சிஸ்டமும் போய்விடும். சி மொழிக்கு மாறியதும், சி கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் ஒரு கம்பைலரும் கொஞ்சம் உழைப்பும் இருந்தால் வேறு மெஷினுக்குக் கொண்டுபோகலாம் என்றாகிவிட்டது.

2. வொர்க்ஸ்டேஷன்னு எதைச் சொல்றீங்க? நல்ல விலை போட்டு வாங்கின பி.சி.யா?

1980களில் இரண்டும் வேறு சாதி. பி.சி. ஒரே நேரத்தில் ஒரு வேலை செய்யும். நெட்வொர்க், மெமரிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. வொர்க்ஸ்டேஷன் என்பது பலர் பகிர்ந்துகொள்ளும் மினி கம்ப்யூட்டரின் வேலையை ஒருவருடைய மேசைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் அதற்கு ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள்: ஒரு மெகாபைட் மெமரி, பத்து லட்சம் புள்ளிகள் கொண்ட திரை, நொடிக்குப் பத்து லட்சம் கட்டளை நிறைவேற்றும் வேகம்.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆல்டோ என்ற மெஷின் 1973இலேயே வழிகாட்டிவிட்டது. ஆனால் அது கடைக்கு வந்த பொருள் இல்லை. விற்பனைக்கு வந்த அப்போலோவின் முதல் மெஷின் 1981இல் வெளியானது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பிறந்தது. ஆண்டி பெக்டோல்ஷைம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நெட்வொர்க்குக்காக வடிவமைத்த சர்க்யூட் பலகைதான் அதன் முதல் மெஷினின் கரு. வினோத் கோஸ்லா, ஸ்காட் மெக்னீலி, சற்றே பின்னால் பில் ஜாய் அவரோடு சேர்ந்தார்கள். அதில் மோட்டரோலா 68000 சிப் இருந்தது. அப்போலோ தனக்கென்று ஏஜிஸ் என்ற சிஸ்டத்தை எழுதியது. சன் யூனிக்ஸை எடுத்துக்கொண்டது. பத்து வருஷத்துக்குள் அப்போலோ என்ற தனி நிறுவனமே இல்லை, 1989இல் ஹெச்.பி. வாங்கிவிட்டது. எல்லாவற்றையும் தானே எழுதுவதில் இருக்கும் செலவை நான் இதை வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

3. ஒரு டெலிபோன் கம்பெனி எழுதினது எப்படி ஊர் உலகத்துக்கெல்லாம் போச்சு?

சட்டத்தால். ஏடி அண்ட் டி அமெரிக்காவில் டெலிபோன் ஏகபோகம். 1956இல் அரசாங்கத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தப்படி அது டெலிபோன் தவிர வேறு தொழிலில் இறங்கக் கூடாது. அதனால் யூனிக்ஸை ஒரு பொருளாக விற்க முடியவில்லை. பல்கலைக்கழகங்கள் கேட்டபோது மிகக் குறைந்த கட்டணத்தில் சோர்ஸ் கோடோடு (எழுதிய மூல வரிகளோடு) டேப்பில் அனுப்பியது, ‘பழுது பார்த்துத் தர மாட்டோம், திருத்தம் அனுப்ப மாட்டோம்’ என்ற நிபந்தனையோடு. உதவி கிடைக்காததால் வாங்கியவர்கள் தாங்களே திருத்தி, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். யூனிக்ஸ் சமூகம் என்று நாம் சொல்வது அங்கேதான் உருவானது.

பெர்க்லி பல்கலைக்கழகம் அதில் முன்னால் நின்றது. பில் ஜாய் தொடங்கி வைத்த பி.எஸ்.டி. தொகுப்பு 1979இல் வாக்ஸ் என்ற மெஷினுக்கு விர்ச்சுவல் மெமரியை (டிஸ்கையும் மெமரி போலப் பயன்படுத்தும் வழி) கொண்டுவந்தது. 1983இல் வந்த 4.2 பி.எஸ்.டி. இன்டர்நெட்டின் டி.சி.பி./ஐ.பி.யையும் வேகமான ஃபைல் சிஸ்டத்தையும் கொடுத்தது. சன் கையில் எடுத்தது இந்த பி.எஸ்.டி.யைத்தான்.

1984 ஜனவரியில் ஏடி அண்ட் டி உடைக்கப்பட்டது. பழைய தடையும் நீங்கியது. அன்றிலிருந்து யூனிக்ஸ் விற்பனைப் பொருள் ஆயிற்று, லைசென்ஸ் விலை ஏறிற்று, சண்டையும் வந்தது.

4. சோலாரிஸ், ஐரிக்ஸ், ஹெச்.பி.-யூ.எக்ஸ்., ஏ.ஐ.எக்ஸ். எல்லாமே யூனிக்ஸ்னா ஏன் இத்தனை பேர்?

ஒவ்வொரு நிறுவனமும் தன் சிப்புக்கும் திரைக்கும் ஏற்ற மாதிரி ஏடி அண்ட் டி-யிடம் லைசென்ஸ் வாங்கித் திருத்தி, தன் பெயர் வைத்தது. சன்னுக்கு சன் ஓ.எஸ்., சிலிக்கான் கிராஃபிக்ஸுக்கு ஐரிக்ஸ், டெக்குக்கு (டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம்) அல்ட்ரிக்ஸ், ஐ.பி.எம்.முக்கு ஏ.ஐ.எக்ஸ். சில பி.எஸ்.டி. பக்கம் சாய்ந்தவை, சில ஏடி அண்ட் டி-யின் சிஸ்டம் ஃபைவ் பக்கம். சின்னக் கட்டளைக்குக்கூட இரண்டு பக்கமும் வெவ்வேறு எழுத்துகள் கொடுக்க வேண்டியிருக்கும். புரோசஸ்களை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை, பட்டியலிடும் பி.எஸ். கட்டளை இன்றைக்கும் இரண்டு விதமான ஆப்ஷன்களை ஏற்றுக்கொள்வது அந்தப் பிளவின் தழும்புதான்.

5. சன் ஓ.எஸ்.ஸும் சோலாரிஸும் ஒண்ணா, வேறயா?

வம்சம் வேறு. சன் ஓ.எஸ். 4 வரை பி.எஸ்.டி. 1987இல் சன்னும் ஏடி அண்ட் டி-யும் கைகோத்து, இரண்டு கிளைகளையும் இணைக்கும் சிஸ்டம் ஃபைவ் ரிலீஸ் 4ஐ உருவாக்கின. அதை அடித்தளமாக வைத்து 1992இல் வந்ததுதான் சோலாரிஸ் 2. அதற்குள் இருக்கும் கெர்னலை சன் தொடர்ந்து சன் ஓ.எஸ். 5 என்றே எண்ணியதால் குழப்பம். பழைய ஆட்கள் பலருக்கு சன் ஓ.எஸ். 4 மேல்தான் பாசம், சன்னின் ஸ்பார்க்ஸ்டேஷன் ஐ.பி.எக்ஸ். போன்ற சின்ன மெஷினில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தால் காரணம் புரியும். சோலாரிஸ் அந்த மெமரியில் மூச்சு வாங்கும்.

அந்தக் கைகோப்பைப் பார்த்து மற்றவர்கள் பயந்தார்கள். டெக், ஹெச்.பி., ஐ.பி.எம்., அப்போலோ உள்ளிட்ட நிறுவனங்கள் 1988 மே மாதம் ஓ.எஸ்.எஃப். என்ற எதிரணியைத் தொடங்கின. ஏடி அண்ட் டி-யின் பிடியில் சிக்காத கெர்னல் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்தத் தேடல்தான் நம்மை மைக்ரோகெர்னல் பக்கம் கொண்டுபோகிறது.

6. கெர்னல்னா என்ன, மைக்ரோகெர்னல்னா என்ன? பரீட்சைக்குச் சொல்ற மாதிரி வேண்டாம் அங்கிள்.

சரி, ஒரு ஃபைலைத் திரையில் காட்டும் கேட் கட்டளையை எடுத்துக்கொள்வோம். ‘இந்த ஃபைலில் அடுத்த 4,096 பைட் கொடு’ என்று அது கேட்கிறது. பழைய யூனிக்ஸில் கேட் அந்த இடத்தில் நின்றுவிடும், கெர்னல் உள்ளே வரும். ஃபைல் டிஸ்கில் எங்கே என்று பார்ப்பதும், டிஸ்க் டிரைவரை (டிஸ்கோடு பேசும் கோடு) இயக்குவதும், வந்ததை கேட்டின் மெமரியில் வைப்பதும் அதே கெர்னல்தான். ஒரு தரம் உள்ளே, ஒரு தரம் வெளியே. ஆனால் டிஸ்க் டிரைவரில் ஒரு பிழை இருந்தால் மொத்த மெஷினும் விழும், ஏனென்றால் எல்லாமே ஒரே பாதுகாப்பு வட்டத்துக்குள் இருக்கின்றன.

மைக்ரோகெர்னலில் ஃபைல் சிஸ்டம் ஒரு தனி புரோகிராம், டிஸ்க் டிரைவர் இன்னொரு தனி புரோகிராம். இரண்டுக்கும் கெர்னலின் அதிகாரம் கிடையாது. கெர்னல் செய்வது மூன்றே வேலை: மெமரியைப் பிரித்துக் கொடுப்பது, யார் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டு சேர்ப்பது. கேட் ஒரு செய்தி அனுப்பும். கெர்னல் அதை ஃபைல் சர்வரிடம் சேர்க்கும். ஃபைல் சர்வர் டிரைவருக்கு ஒரு செய்தி அனுப்பும். பதில் அதே வழியில் திரும்பி வரும். டிரைவர் செத்தால் அதை மட்டும் எழுப்பிவிடலாம். ஆனால் நடை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நடையிலும் பிராசசர் ஒரு முகவரி வெளியிலிருந்து (ஒரு புரோகிராமுக்கென்று ஒதுக்கிய மெமரிப் பரப்பு) இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். அந்த விலையைப் பற்றி 10ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

7. இந்த யோசனை மாக்ல தானே முதல்ல வந்தது?

இல்லை. மாக் என்ற கெர்னலைப் பற்றி 8ஆம் கேள்வியில் சொல்கிறேன். முதல் விதை டென்மார்க்கில். பெர் பிரிஞ்ச் ஹான்சன் என்பவர் ஆர்.சி. 4000 என்ற மெஷினுக்காக 1969இல் ஒரு கருவை மட்டும் எழுதினார். புரோசஸ்கள் செய்தி மூலம் பேசிக்கொள்ள அது வழி செய்யும். மற்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேலைகளை அதன் மேல் யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். யூனிக்ஸ் பிறந்த அதே வருஷம்! இரண்டு எதிரெதிர் யோசனைகளும் ஒரே வயதுக்காரர்கள் என்பது எனக்கு எப்போதுமே வியப்பு. கனடாவில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய க்யூ.என்.எக்ஸும் 1980களின் தொடக்கத்திலேயே செய்தி அனுப்பும் சின்னக் கெர்னலை ஐ.பி.எம். பி.சி.யில் ஓட்டிக் காட்டியது. பிரான்சில் கோரஸ் என்ற இன்னொரு முயற்சியும் நடந்துகொண்டிருந்தது.

8. அப்போ மாக்கை எதுக்கு எல்லாரும் தூக்கி வச்சுப் பேசுறாங்க?

அது யூனிக்ஸோடு சேர்ந்து வந்ததால். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரஷீத் முதலில் அக்சென்ட் என்று ஒரு சிஸ்டம் செய்தார், பெர்க் என்ற வொர்க்ஸ்டேஷனுக்காக. அழகான வடிவமைப்பு. ஆனால் அதில் யூனிக்ஸ் புரோகிராம் ஓடாது, ஆகவே பயன்படுத்த ஆள் குறைவு. அதிலிருந்து பாடம் படித்து, 1985இல் தொடங்கிய மாக்கை பி.எஸ்.டி.யோடு முழுக்கப் பொருந்தும்படி அமைத்தார்கள். பழைய யூனிக்ஸ் புரோகிராம் அப்படியே ஓடும். அடியில் இருப்பது மட்டும் புதிது.

அந்த அடித்தளத்தில் ஐந்து பொருள்கள். யூனிக்ஸ் புரோசஸை மாக் இரண்டாகப் பிரித்தது: வளங்களை வைத்திருக்கும் டாஸ்க், அதற்குள் ஓடும் திரெட். பிறகு செய்தி, அதைப் பெறும் போர்ட், கடைசியாக மெமரி ஆப்ஜெக்ட். பெரிய செய்தி என்றால் பைட்களை நகல் எடுக்காது. அதே மெமரிப் பக்கங்களை இருவருக்கும் காட்டிவிட்டு, யாராவது எழுதும்போது மட்டும் நகல் எடுக்கும். இந்த மெமரி நிர்வாகம் அவ்வளவு நேர்த்தி. பின்னால் 4.4 பி.எஸ்.டி.யே அதை எடுத்துக்கொண்டது. இன்றைய ஃப்ரீ பி.எஸ்.டி.யின் மெமரிப் பகுதியும் அந்த வழியில் வந்ததுதான். மைக்ரோகெர்னலாக மாக் பட்ட பாடு வேறு கதை, ஆனால் அதன் மெமரிப் பகுதி எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

9. நெக்ஸ்ட் மெஷின்ல ஓடினது மைக்ரோகெர்னல்னு எல்லா இடத்திலயும் போட்டிருக்கு. நீங்க மட்டும் ஏன் இல்லைங்கறீங்க?

மாக்கில் பதிப்பு முக்கியம். 1988 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய நெக்ஸ்ட் கம்ப்யூட்டரிலும் (68030 சிப், 256 எம்.பி. ஆப்டிக்கல் டிஸ்க், பல்கலைக்கழகங்களுக்கு 6,500 டாலர்), 1989இல் வந்த நெக்ஸ்ட்ஸ்டெப் 1.0விலும் இருந்தது மாக் 2 வழி. அந்தப் பதிப்பில் போர்ட், செய்தி, திரெட் எல்லாம் உண்டு, ஆனால் 4.3 பி.எஸ்.டி.யின் கோடு முழுவதும் அதே கெர்னலுக்குள்ளேயே இருந்தது. 6ஆம் கேள்வியில் சொன்ன ‘தனி ஃபைல் சர்வர்’ அங்கே கிடையாது. பி.எஸ்.டி. பகுதியை வெளியே தள்ளிய உண்மையான மைக்ரோகெர்னல், பின்னால் வந்த மாக் 3.0 தான்.

5ஆம் கேள்வியில் சொன்ன ஓ.எஸ்.எஃப். அணியின் ஓ.எஸ்.எஃப்./1 சிஸ்டத்திலும் இதே வழியில் வந்த மாக் 2.5 தான். அதை டெக் தன் ஆல்ஃபா மெஷின்களுக்குக் கொண்டுபோய், பிறகு டிஜிட்டல் யூனிக்ஸ் என்று பெயர் மாற்றியது. டெக்கை வாங்கிய காம்பேக் அதற்கு ட்ரூ64 என்று பெயர் வைத்தது. ஆகவே ‘மாக் இருந்தது’ என்பது சரி, ‘மைக்ரோகெர்னல் ஓடியது’ என்பது சரியில்லை. இதை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு: இந்த இரண்டையும் ஒன்றாக்கினால், அடுத்த கேள்விக்கான பதில் தப்பாகிவிடும்.

10. மைக்ரோகெர்னல் மெதுவா இருக்கும்ங்கறாங்களே, அது உண்மையா?

மாக் 3 மெதுவாகத்தான் இருந்தது. அதை நம்பி ஐ.பி.எம். தொடங்கிய வொர்க்பிளேஸ் ஓ.எஸ். என்ற பெரிய திட்டம் சந்தையில் நிலைக்காமல் முடிந்தது. அதைப் பார்த்து உலகமே ‘யோசனை நல்லது, நடைமுறைக்கு ஆகாது’ என்று தீர்ப்பு எழுதிவிட்டது.

அந்தத் தீர்ப்பை உடைத்தவர் ஜெர்மனியின் யோகன் லீட்கே. 50 மெகாஹெர்ட்ஸ் 486 மெஷினில் ஒரு சின்னச் செய்தியைக் கொண்டு சேர்க்க மாக் 100 மைக்ரோ நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதே மெஷினில் தன் எல்3 கெர்னல் 5 மைக்ரோ நொடியில் முடிப்பதை 1993இல் காட்டினார். செய்தியை ரிஜிஸ்டரிலேயே (பிராசசருக்குள் இருக்கும் சின்ன இடங்கள்) அனுப்புவது, அனுமதிச் சோதனைகளைக் கெர்னலுக்கு வெளியே தள்ளுவது, அடிக்கடி ஓடும் கோடு பிராசசரின் கேஷுக்குள் (அதன் பக்கத்திலேயே இருக்கும் சின்ன வேக மெமரி) அடங்கும்படி சுருக்குவது, தேவைப்பட்ட இடத்தில் அசெம்பிளியில் எழுதுவது என்று ஒவ்வொரு படியாகக் கழித்துக்கொண்டே போனார். மாக்கின் கெர்னல் பெரிசு. அது ஓடி முடிப்பதற்குள் புரோகிராமின் கோடையும் டேட்டாவையும் கேஷிலிருந்து துரத்திவிடுகிறது, மெதுவுக்குக் காரணம் அதுதான் என்பது அவர் வாதம். அடுத்து வந்த எல்4 அந்த வழியில் ஒரு குடும்பமே ஆனது. அதில் ஒன்றான எஸ்.இ.எல்4, சுமார் 8,700 வரி சி கோடு. அது தன் விவரக்குறிப்பில் சொன்னபடியே நடக்கும் என்று 2009இல் ஆஸ்திரேலியாவில் கணித முறையில் நிரூபித்தார்கள். லட்சக்கணக்கான வரி கொண்ட கெர்னலில் அப்படிச் செய்வதை யோசித்துப் பார்க்கவே முடியாது.

11. டனன்பாம் – டோர்வால்ட்ஸ் சண்டையில யார் சரி?

கேட்டிராதவர்களுக்கு: ஆண்ட்ரூ டனன்பாம் ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்தவர். யூனிக்ஸ் 7ஆம் பதிப்பின் லைசென்ஸ் அதன் சோர்ஸை வகுப்பில் கற்றுக்கொடுக்கத் தடை போட்டதால், பாடம் நடத்த 1987இல் மினிக்ஸ் என்ற சின்ன மைக்ரோகெர்னல் சிஸ்டத்தைத் தானே எழுதினார். லினஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது அவர் மெஷினில் இருந்தது அந்த மினிக்ஸ்தான். 1992 ஜனவரியில் டனன்பாம், லினக்ஸ் காலாவதியான வடிவமைப்பு என்று மினிக்ஸ் செய்திக்குழுவில் எழுதினார். இரண்டு குறை சொன்னார்: ஒன்று, எல்லாம் ஒரே கட்டியான கெர்னல், இரண்டு, 386 சிப்போடு கட்டுண்டது.

இரண்டாவதை லினக்ஸ் சில வருஷத்தில் தீர்த்துவிட்டது, ஆல்ஃபா தொடங்கி எத்தனையோ சிப்களுக்குப் போயிற்று. முதலாவதில், அன்றைய நிலவரத்துக்கு லினஸ் சரி. கையில் இருப்பது ஒரு 386, வேகம் வேண்டும், இன்றே ஓட வேண்டும். லீட்கேயின் அளவீடு அப்போது வரவில்லை. பி.எஸ்.டி.யும் அந்த வருஷமே வழக்கில் மாட்டி 1994 வரை சட்டச் சிக்கலில் கிடந்தது. கடைசியில் சுமார் 18,000 ஃபைலில் 3ஐ மட்டும் நீக்கி சமாதானம் ஆனார்கள். அந்த இடைவெளியில் லினக்ஸ் வேர் பிடித்தது. நீண்ட காலப் பார்வையில் டனன்பாம் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அவர் மினிக்ஸ் 3, இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கும் நிர்வாகக் கம்ப்யூட்டரில் ஓடுவது 2017இல் தெரியவந்தது. நம் ஊரில் இன்டெல் லேப்டாப் வைத்திருக்கும் பலர் அறியாமலே மினிக்ஸ் வைத்திருக்கிறார்கள்.

12. ஐஃபோன்ல இருக்கிறது யூனிக்ஸா, பி.எஸ்.டி.யா, மாக்கா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

மூன்றும். 1996 டிசம்பரில் ஆப்பிள் நெக்ஸ்டை வாங்குவதாக அறிவித்தது. மாக்கை எழுதியவர்களில் ஒருவரான ஏவி டெவேனியன் அதற்கு முன்பே நெக்ஸ்டில் மென்பொருள் தலைவர். அவரும் ஆப்பிளுக்கு வந்தார். நெக்ஸ்ட்ஸ்டெப்பிலிருந்து வளர்ந்த மேக் ஓ.எஸ். எக்ஸ் 10.0, 2001 மார்ச்சில் வெளியானது. அதன் கெர்னலான எக்ஸ்.என்.யு.வில் மாக் 3 வழியில் வந்த ஒரு பகுதி, ஃப்ரீ பி.எஸ்.டி.யிலிருந்து எடுத்த ஒரு பகுதி, டிரைவர்களுக்கு ஒரு பகுதி. மூன்றும் ஒரே முகவரி வெளியில், அதாவது 9ஆம் கேள்வியில் சொன்ன நெக்ஸ்ட் வழக்கப்படியே. 2007இல் வந்த ஐஃபோனும் அதையே எடுத்துக்கொண்டது. மேக்கில் 10.5 பதிப்புக்கு அந்த வருஷமே அதிகாரபூர்வ யூனிக்ஸ் சான்றிதழும் கிடைத்தது.

கொசுறு: ஐஃபோனில் கைரேகை, முகம் ஆகியவற்றின் ரகசியங்களைக் காக்க ஒரு தனிப் பாதுகாப்பு பிராசசர் உண்டு. அதில் ஓடுவது எல்4 குடும்பத்துக் கெர்னல். மாக்கின் வாரிசும் மாக்கைத் தோற்கடித்த எல்4இன் வாரிசும் ஒரே ஃபோனுக்குள் இருக்கின்றன.

13. எண்பதுகளில் நான் வெஸ்ட்வில்லில் படித்தேன் தம்பி. இந்த மெஷின்களைப் பத்திரிகையில் மட்டும்தான் பார்த்தோம். ஏன் இங்கே வரவில்லை?

ஐயா, இரண்டு காரணம் சொல்லலாம். நிறவெறி ஆட்சிக்கு எதிராக அமெரிக்கா 1986இல் கொண்டுவந்த சட்டம், இங்குள்ள ராணுவம், போலீஸ், நிறவெறியை அமல்படுத்தும் அலுவலகங்கள் ஆகியவற்றுக்குக் கம்ப்யூட்டர் ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் நேராக வராவிட்டாலும், பல அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் கிளைகளை விற்றுவிட்டுப் போயின, ஐ.பி.எம். 1987இல் போயிற்று. இரண்டாவது, 1985இல் ராண்டின் மதிப்பு சரிந்தது. டாலர் விலை வொர்க்ஸ்டேஷன் அதன்பின் எட்டாக்கனி. இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய ஒரு பல்கலைக்கழகத்தில் உங்களைப் படிக்க வைத்த ஆட்சி, அந்தப் படிப்புக்கு வேண்டிய கருவியும் வராத நிலைக்கு நாட்டைத் தள்ளியது. இதை நம் பிள்ளைகளுக்கு நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

14. அப்போ தென்னாப்பிரிக்காவுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லையா?

நிறைய உண்டு. கிரஹாம்ஸ்டவுனில் (இப்போது மக்காண்டா) இருக்கும் ரோட்ஸ் பல்கலைக்கழகம் 1991 நவம்பரில் நாட்டின் முதல் இன்டர்நெட் ஐ.பி. இணைப்பை அமெரிக்காவின் போர்ட்லாந்துக்கு ஏற்படுத்தியது. மறுமுனை இருந்தது ராண்டி புஷ் என்ற நெட்வொர்க் வல்லுநரின் வீட்டில். பிரிட்டோரியாவில் பிறந்து சிறுவயதில் கனடா போன தியோ டி ராட், பி.எஸ்.டி. வழியில் வந்த நெட் பி.எஸ்.டி.யை 1993இல் தொடங்கியவர்களில் ஒருவர். சன்னின் ஸ்பார்க் மெஷின்களுக்கு அதைக் கொண்டுபோனதில் அவர் பங்கு பெரிது. 1995இல் பிரிந்து ஓப்பன் பி.எஸ்.டி.யைத் தொடங்கினார், இன்று உலகத்து சர்வர்களுக்குள் நுழைய எல்லாரும் பயன்படுத்தும் ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். அங்கிருந்து வந்தது. வெல்கமில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004இல் உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பைக் கொடுத்தது எல்லாருக்கும் தெரியும்.

15. மாமா வீட்டு கராஜ்ல ஒரு சன் பெட்டி கிடக்கு. ஆன் பண்ணிப் பார்க்கலாமா?

பொறுங்கள். முதலில் பின்பக்க லேபிளைப் பாருங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் நம் 230க்குச் சரி, 110 மட்டும் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். டர்பனின் உப்புக் காற்றில் திருகும் கனெக்டரும் துருப்பிடித்திருக்கும். பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் கசிந்து பழுப்புக் கறை இருந்தால் கரண்ட் கொடுக்கவே வேண்டாம். லோட் ஷெட்டிங் முடிந்து கரண்ட் திரும்பும் நேரத்தில் பிளக்கில் விட்டுவைக்காதீர்கள்.

மானிட்டர் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. கீபோர்டைச் செருகாமல் ஆன் செய்தால் சன் மெஷின் தானாகவே சீரியல் போர்ட் ஏ-க்குப் பேசும். லேப்டாப்பிலிருந்து 9600 வேகத்தில் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் டிஸ்கை நகல் எடுங்கள். ஸ்கஸி (அந்தக் கால டிஸ்க் இணைப்பு) கார்டு உள்ள ஒரு லினக்ஸ் மெஷினில் மாட்டி டி.டி.ரெஸ்க்யூ ஓட்டினால் முழு டிஸ்கும் ஒரு ஃபைலாக வந்துவிடும். அந்த டிஸ்கில் யாரோ ஒருவரின் பத்து வருஷ உழைப்பு இருக்கலாம், வேறெங்கும் கிடைக்காத ஒரு கம்பைலர் இருக்கலாம். ஸ்கிராப்காரருக்குக் கொடுப்பதாக இருந்தாலும் நகல் எடுத்துவிட்டுக் கொடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

16. ஆன் ஆச்சு, ஆனா ‘ஐ.டி. ப்ராம் செல்லாது’ன்னு சொல்லி நிக்குது. மெஷின் செத்துப் போச்சா?

சாகவில்லை, அதன் நினைவு மட்டும் போயிருக்கிறது. பலகையில் எம்48டி02 அல்லது எம்48டி08 என்று ஒரு தடித்த கறுப்புச் சிப் இருக்கும். அதன் தலைக்குள்ளேயே பேட்டரியை வைத்து எபாக்ஸி ஊற்றி மூடியிருக்கிறார்கள். ஆயுள் பத்து வருஷம் அளவில். அது தீர்ந்ததும் மெஷினின் ஈதர்நெட் (நெட்வொர்க்) முகவரியும் ஹோஸ்ட் ஐ.டி.யும் (மெஷினின் அடையாள எண்) அழிந்துவிடும். புதுச் சிப் போடலாம். அல்லது எபாக்ஸியை ஓரத்தில் மெதுவாக அறுத்து உள்ளே இருக்கும் இரண்டு முனைகளில் வெளியே ஒரு காசு பேட்டரியை ஒட்டலாம்.

பிறகு ‘ஓகே’ என்று காத்திருக்கும் இடத்தில் எம்.கே.பி. கட்டளையால் 16 பைட்டை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். முதல் பைட் 01. அடுத்தது மெஷின் வகை, ஸ்பார்க்ஸ்டேஷன் ஐ.பி.எக்ஸ். என்றால் 57, ஸ்பார்க்ஸ்டேஷன் 5 என்றால் 80. அடுத்த ஆறும் ஈதர்நெட் முகவரி, சன்னுக்கு 08:00:20 என்று தொடங்கும். அப்புறம் நான்கு பைட் தேதி, மூன்று பைட் ஹோஸ்ட் ஐ.டி. கடைசிப் பைட், முந்தைய 15ஐயும் எக்ஸார் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) செய்து வரும் எண். பழைய சிப்பின் மேல் ஒட்டிய சின்ன லேபிளில் முகவரியின் பின்பாதி பெரும்பாலும் அச்சாகியிருக்கும், அதைக் கிழித்துப் போடாதீர்கள்.

17. மெஷின் இல்லாம பார்க்க வழி உண்டா? சட்டத்துக்குச் சரியா?

உண்டு. சிம்ஹெச் என்ற எமுலேட்டரில் (பழைய மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் புரோகிராம்) பி.டி.பி.-11, வாக்ஸ் இரண்டும் ஓடும். க்யூ.இ.எம்.யு. என்ற இன்னொரு எமுலேட்டரில் ஸ்பார்க்ஸ்டேஷன் 5 உண்டு, சோலாரிஸ் 2.6 ஏற்றலாம். நெக்ஸ்டுக்கு ப்ரீவியஸ் என்ற எமுலேட்டர். உண்மையான மைக்ரோகெர்னலைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் டெபியன் ஹர்ட்: 1990இல் க்னூ என்ற சுதந்திர மென்பொருள் திட்டம் மாக்கின் மேல் கட்டத் தொடங்கிய சிஸ்டம் அது, இன்றும் வேலை நடக்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, யூனிக்ஸ் 1 முதல் 7 வரையிலான பதிப்புகளையும் வாக்ஸுக்கான 32வி பதிப்பையும் அப்போது உரிமை வைத்திருந்த கால்டெரா 2002 ஜனவரியில் தாராள லைசென்ஸில் விட்டது. அவற்றை யாரும் ஓட்டலாம், படிக்கலாம். சன் ஓ.எஸ்., ஐரிக்ஸ் போன்றவை அப்படி இல்லை. உங்கள் மெஷினோடு வந்த டிஸ்க் உங்களிடம் இருப்பது வேறு, அதை நெட்டில் போடுவது வேறு.

18. சோர்ஸ் கோடை எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கிறது?

6ஆம் பதிப்பிலிருந்து. 1975இல் வந்தது, கெர்னல் மொத்தமே 9,000 வரிக்குப் பக்கம். ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் அதற்கு வரி வரியாக விளக்கம் எழுதினார். ஏடி அண்ட் டி அதைப் பரப்பத் தடை போட்டதால் ஒரு தலைமுறை மாணவர்கள் ஜெராக்ஸ் எடுத்து எடுத்துப் படித்தார்கள். 1996இல்தான் முறையாக அச்சில் வந்தது. சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) எப்படி உள்ளே நுழைகிறது என்பதில் தொடங்குங்கள், பிறகு ஃபைலைப் படிக்கும் ரீட். 6ஆம் கேள்வியில் நான் சொன்ன பயணத்தை அங்கே கோடிலேயே பின்தொடரலாம். ஒரு புரோசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஸ்விட்ச் பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘இது உங்களுக்குப் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை’ என்ற பொருளில் எழுதியவர்களே அங்கே ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் சிக்கினால் மெஷினையும் பிரிண்ட் எடுத்த தாளையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.